நிலாவரையில் போட்ட தேசிக்காய்

1990களின் முற்பகுதியில், பத்திரிகைத் தொழிலுக்கு நான் புதியவனாக இருந்தபோது, சிறுவர் பக்கத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்து வாசிப்பதும் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் கடதாசிக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிய காலம் அது. பிள்ளைகள் பழைய கொப்பிகளின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்து எழுதி அனுப்புவார்கள். அவ்வாறு வந்த கடிதம் ஒன்றில், ஒரு பையன் ஒரேயொரு கேள்வியைக் கேட்டிருந்தான். "நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் அது கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று அம்மம்மா சொல்கிறா. யாராவது போட்டுப் பார்த்தவர்களா?"

அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த மூத்தவரிடம் கடிதத்தைக் காட்டினேன். சிரித்தார். "உதுக்கு இராமர் அம்பு விட்ட கதையைப் போட்டுவிடும் ஐசே. பொடியன் சந்தோசப்படுவான்" என்றார். நானும் போட்டுவிட்டேன். வானர சேனையின் தாகம் தீர்க்க இராமபிரான் அம்பெய்த இடமே நிலாவரை என்றும், அது அடிகாண முடியாத வற்றாத கிணறு என்றும் நான்கு வரிகள் எழுதினேன். பையன் கேட்டது அதுவன்று. "யாராவது போட்டுப் பார்த்தவர்களா?" என்பதே அவன் கேள்வி. அதற்கு "இல்லை" என்றாவது நேர்மையாகப் பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கடிதம் என் நினைவை விட்டு அகலவில்லை. யாழ்ப்பாணத்து நிலத்தடி நீருக்கு நேர்ந்த கதி பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான். எங்கள் கிணறுகள் கெட்டதற்குப் போரையும், கொழும்பையும், கம்பனிகளையும், காலநிலையையும் காரணமாகச் சொல்கிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் பங்குண்டு. ஆனால் எவரும் சொல்லாத காரணம் ஒன்றுண்டு. கேள்வி கேட்ட பிள்ளைக்குக் கதை சொல்லி அனுப்பிவிட்ட சமூகம் நாங்கள். அதை இன்று கொஞ்சம் கடுமையாகவே எழுத விரும்புகின்றேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

*

முதலில் அந்தப் பையனின் கேள்வி எத்தனை பெறுமதியானது என்பதைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று நாம் பெருமையுடன் அழைப்பது மாரியில் மட்டும் ஓடுவது. அப்படியிருக்க, இத்தனை இலட்சம் சனம் தலைமுறை தலைமுறையாக எந்த நீரைக் குடித்து வாழ்ந்தது? ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையைத்தான். அந்த மழை செம்பாட்டு மண்ணூடாக இறங்கி, அதன் கீழுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் குகைகளிலும் தங்குகிறது. மழைநீர் சுண்ணக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். கரைந்து கரைந்து உண்டான குகை ஒன்றின் கூரை இடிந்து விழுந்த இடந்தான் நிலாவரை. இடிகுண்டு என்று எம் மக்கள் வழங்கும் பெயரே இந்த உண்மையைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரை வைத்த பாமரன் நிலத்தைப் பார்த்துப் பெயர் வைத்தான். படித்த நாங்கள்தான் பார்க்க மறந்தோம்.

நிலாவரைக்கு அடி உண்டு. கருவி இறக்கி அளந்துவிட்டார்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்பதும் தெரிந்த விடயமே. ஏன் அப்படி? நிலாவரையில் மட்டுமல்ல, குடாநாடு முழுவதிலும் நிலைமை இதுதான். கடல்நீர் நன்னீரை விட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு பாரங்கூடியது. ஆகவே நிலத்தின் கீழ் கடல்நீர் அடியிலும், அதன்மேல் நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டும் இருக்கின்றன. 1880களின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளரான கைபனும், 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் இதைத் தனித்தனியே கண்டு எழுதினார்கள். கணக்கு மிகவும் எளிது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும். கேட்க இனிப்பாக இருக்கிறதல்லவா? இதையே மறுபக்கமாக வாசியுங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓரடி நிரந்தரமாகத் தாழ்த்தினால், அடியிலிருந்து உப்பு நாற்பதடி மேலே ஏறும்.

"வற்றாத கிணறு" என்ற சொல் எத்தனை ஆபத்தானது என்பது இப்போது விளங்கும். கிணறு வற்றாது, உண்மைதான். நன்னீர் போன இடத்தில் உவர்நீர் வந்து நிற்கும். கயிற்றில் கட்டிய வாளிக்கு வேறுபாடு தெரியாது. நாக்குக்குத்தான் தெரியும்.

இனி, தேசிக்காய். நிலாவரையிலிருந்து கீரிமலை ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். அவ்வளவு தூரம் ஒரு காய் வெடிப்புகளுக்குள்ளால் உருண்டுபோய்ச் சேர்வது ஒருபுறம் இருக்கட்டும். தேசிக்காய் தண்ணீரில் மிதக்குமா தாழுமா என்று அந்தக் கதையைச் சொன்ன எங்களில் எத்தனை பேர் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறோம்? வீட்டில் வாளி இருந்தது, கொல்லையில் தேசி மரம் இருந்தது. ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. அந்தப் பையனோ செய்யக் கேட்டான்.

*

நாங்கள் விஞ்ஞானம் படித்த சமூகம் என்று மார்தட்டிக்கொள்கிறோம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர்களின் படங்களைப் பக்கம் பக்கமாக அச்சிடுகிறோம். நானே எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பக்கங்களுக்குத் தலைப்பு எழுதியிருக்கின்றேன். ஆனால் எங்கள் தனியார் கல்வி நிலையங்களில் கேள்வி என்றால் அது பரீட்சையில் வருவது. பரீட்சையில் வராத கேள்வி வாய்க்கொழுப்பு. "சேர், எங்கட கிணத்துத் தண்ணி ஏன் வெள்ளையாய்ப் படியுது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "உது பாடத்திட்டத்தில இல்லை" என்பார்கள். கேத்தலின் அடியில் படியும் அந்த வெண்படிவம் கரைந்து வந்த சுண்ணக்கல்தான். குடாநாட்டின் முழு நிலவியலும் ஒவ்வொரு குசினியிலும் கேத்தலுக்குள் கிடக்கிறது. அதைச் சுரண்டிக் கழுவிவிட்டு, இரசாயனவியல் வகுப்புக்குப் போய்க் கல்சியம் காபனேற்றைப் பாடமாக்குகிறோம்.

பத்திரிகைக்காரர்களையும் விட்டுவைக்க மாட்டேன். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். பின்னாளில் இது பற்றிய கருத்தரங்குகளுக்கு நானும் செய்தி சேகரிக்கச் சென்றதுண்டு. எதை எழுதினேன்? மங்கள விளக்கேற்றியவர் யார், தலைமையுரை ஆற்றியவர் யார், நன்றியுரை வழங்கியவர் யார் என்பவற்றை எழுதினேன். ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று திரையில் காட்டிய அட்டவணையை எழுதவில்லை. விளங்கவில்லை, கேட்கவும் வெட்கம். கலைப்பட்டதாரிக்கு எதற்கு இரசாயனம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வெட்கத்தின் விலையை யாரோ ஒரு தாய் கொடுத்திருப்பாள்.

அன்று நான் எழுதாததை இன்று எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிக்கும் நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். பயிருக்கு இடும் யூரியாவை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிர் எடுத்தது போக மிஞ்சுவதை மண் பிடித்து வைப்பதில்லை. அது நீரோடு நீராகக் கீழிறங்கிவிடும். மலசலகூடக் குழியிலிருந்து இறங்குவதும் முடிவில் இதே நைத்திரேற்றுத்தான். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும். குழந்தை நீலம் பாரிக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது இது: கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக, மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். "பச்சைத் தண்ணி குடாதேங்கோ, கொதிக்க வைச்சுக் குடுங்கோ" என்று எங்கள் தாய்மாருக்குச் சொன்ன புத்திமதி, கிருமிக்குச் சரி. நைத்திரேற்றுக்கு அது நேர்மாறானது.

*

பழைய காலம் பொற்காலம் என்று சொல்லப் போகிறேன் என எவரும் எதிர்பார்க்க வேண்டாம். என் பாட்டனாரின் தோட்டத்தில் துலா இருந்தது. ஆள் துலா மிதிக்க, இன்னொருவர் பட்டை பிடித்து இறைத்த காலத்தில் உப்பு மேலே வரவில்லை என்பது உண்மைதான். மனித உடம்பின் களைப்புத்தான் அன்று நிலத்தடி நீருக்கு இருந்த ஒரே காவல். ஆனால் துலா மிதித்தவரின் காலைக் கேட்டால் அந்தப் பொற்காலத்தின் கதை வேறாக இருக்கும். அதைவிடக் கொடுமை, அந்தத் தோட்டத்தில் மாடாக உழைத்தவர்களுக்கே கிணற்றுக்கட்டை மிதிக்க உரிமை இருக்கவில்லை. யாராவது அள்ளி ஊற்றும்வரை கைகளை ஏந்திக் காத்து நின்றார்கள்.

இதில் உள்ள அறியாமையைப் பாருங்கள். மேலே கிணற்றுக்குக் கட்டுக் கட்டினோம், சாதி சொல்லி மறித்தோம். கீழே அந்தச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் எல்லாருடைய நீரும் ஒன்றாகவே கிடந்தது. ஒதுக்கி வைத்தவரின் கிணற்று நீரும் ஒதுக்கப்பட்டவரின் கிணற்று நீரும் ஒரே நீர். "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று ஒருவன் உண்மையாகக் கேட்டிருந்தால், தீண்டாமைக்கு அடியில் நிலமே இல்லை என்று கண்டிருப்பான். கேட்கவில்லை. இயற்கை பற்றிய கேள்வி சில வேளைகளில் மனிதரைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடும். அதனால்தானோ என்னவோ, கேட்க அஞ்சினோம்.

பிறகு நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது. 1970 முதல் 1977 வரை இருந்த அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வடக்கின் கமக்காரன் தலைநிமிர்ந்தான். என் தகப்பனாரும் அவ்வாறு தலைநிமிர்ந்தவர்களுள் ஒருவர். நான் பல்கலைக்கழகம் போனது அந்த வெங்காயக் காசில்தான். ஆகவே கமக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தகுதியற்றவன். ஆனால் ஒரு சாக்கு யூரியா போதுமான தறைக்கு இரண்டு சாக்கு இட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்திலும் அது நடந்தது. "கூடப் போட்டால் கூட விளையும்" என்றார்கள். மிஞ்சியது எங்கே போகிறது என்று எவரும் கேட்கவில்லை. பத்துப் பாகத்துக்கு அப்பால் எங்கள் குடிநீர்க் கிணறு இருந்தது.

இதன் மறுகோடியையும் பார்த்தோம். 2021 இல் ஒரே உத்தரவில் நாடு முழுவதும் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் கமக்காரன் நொடிந்துவிட்டான். எந்த மண்ணுக்கு எவ்வளவு தேவை என்று கேட்காமல் அள்ளிக் கொட்டுவதும், அதே கேள்வியைக் கேட்காமல் முற்றாக நிறுத்துவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

*

சுன்னாகத்தை விட்டுவிட்டு இந்த விடயத்தை எழுத முடியாது. அங்கிருந்த மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக 2014 இன் இறுதியிலும் 2015 இன் தொடக்கத்திலும் மக்கள் வீதியில் இறங்கினார்கள். ஒரு தரப்பு ஆய்வு எண்ணெய் இருக்கிறது என்றது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழு ஆபத்தான பொருள் இல்லை என்றது. நாங்கள் என்ன செய்தோம்? எந்தக் கட்சிக்காரனோ அந்தக் கட்சிக்குச் சாதகமான அறிக்கையை நம்பினோம். எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் நீர் எடுத்தார்கள், எதைத் தேடினார்கள், எதைத் தேடவில்லை என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். விஞ்ஞானம் எங்களுக்குத் தேர்தல் மேடையாயிற்று.

அந்த நாட்களில் நானும் அந்தப் பக்கம் சென்றேன். ஒரு வீட்டு வாசலில் இளந்தாய் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும், "ஐயா, அவையள் அடிபடுறது இருக்கட்டும். இந்தத் தண்ணியில பிள்ளைக்குப் பால் கரைக்கலாமோ, ஏலாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அலுவலகம் திரும்பி, யார் யாரைக் குற்றஞ்சாட்டினார் என்று முக்கால் பக்கம் எழுதினேன். அவளுடைய கேள்வி அதில் இல்லை.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அந்த நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியது என்று தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. நல்லது. வழக்கைத் தொடுத்தவர்களுக்கு வணக்கம். ஆனால் எங்களைக் கேட்கிறேன்: எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தபடியால் கொதித்தெழுந்தோம். கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்காக ஒரு நாளாவது வீதியில் இறங்கினோமா? இறங்கியிருந்தால் எவருடைய வீட்டு வாசலில் போய்க் கோஷம் போடுவது? எங்கள் வீட்டு வாசலில்தான்.

*

இனி, கடல் கடந்து வாழும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். 2009 இன் பின்னர் ஊரில் எழும்பிய வீடுகளைப் பார்க்கிறேன். ஆண்டில் மூன்று வாரம் தங்குவதற்கு நான்கு குளியலறைகள். நான்குக்கும் சேர்த்து முற்றத்தில் குழி. குழியின் அடி சுண்ணக்கல். குழிக்கும் அயல்வீட்டுக் கிணற்றுக்கும் இடையில் ஒரு மதில். மதில் நிலத்துக்கு மேல் மட்டுந்தான் மறிக்கும். கிணற்று நீர் உவர்த்துவிட்டது என்று ஆழக் குழாய்க்கிணறு தோண்டுகிறீர்கள். நன்னீர் வில்லையின் அடியைக் குத்தி உப்பை நீங்களே அழைக்கிறீர்கள். மழைச் சேறு காலில் ஒட்டக்கூடாது என்று வளவு முழுவதும் சீமெந்துக் கல் பதிக்கிறீர்கள். மழை எங்கே இறங்கும்? வீதிக்கு ஓடி, வெள்ளமாகி, கடலுக்குப் போகிறது. பிறகு தை மாதம் முடிந்ததும் "ஊரில தண்ணியில்லை" என்று எங்களுக்குத் தொலைபேசி எடுக்கிறீர்கள்.

குடாநாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இலண்டனில் பெய்வதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த மழையைத் தாங்கிப் பிடிக்கவே முன்னோர் ஊர்தோறும் குளம் வெட்டினார்கள். என் ஊரில் நான் நீந்திய குளத்தின் ஒரு பாதி இன்று கடைத்தொகுதி. மறுபாதி குப்பைமேடு. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் வரை சுத்திகரிக்கும் ஆற்றலுடையது. குழாயில் நீர் வரும் வீட்டுக்கு அது வரப்பிரசாதந்தான், மறுக்க மாட்டேன். ஆனால் வானம் இலவசமாகத் தந்த நன்னீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடல்நீரை மின்சாரம் கொடுத்து நன்னீராக்கிக் குடிக்கும் எங்களை அந்தப் பையன் பார்த்தால் என்ன கேட்பான்?

நான் புதிய இயக்கம் எதையும் தொடங்கச் சொல்லவில்லை. நினைவுத்தூபி வேண்டாம், விளக்கேற்றும் விழா வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கேள்விகள் போதும். எங்கள் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும், அயலாருடைய குழிக்கும், இடையே எத்தனை அடி? கிணற்று நீரைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது, நைத்திரேற்று எவ்வளவு? எங்கள் கூரையில் விழும் மழை எங்கே போகிறது? எங்கள் ஊர்க்குளம் இப்போது யாருடைய கையில்? இவற்றைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பத்திரிகையில் இருக்கும் தம்பி தங்கைகளே, விளக்கேற்றியவர் பெயரை விட்டுவிட்டு அட்டவணையை எழுதுங்கள். விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். நான் வெட்கப்பட்டதால் கெட்டது போதும்.

அந்தப் பையன் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பான். ஸ்காபரோவில் இருக்கிறானோ, பரிசில் இருக்கிறானோ, புத்தூரிலேயே வெங்காயம் நடுகிறானோ, நானறியேன். உயிரோடு இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. எங்கிருந்தாலும் அவனுக்குரிய பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

தம்பி, தேசிக்காயைப் போட்டுவிட்டுக் கீரிமலையில் காத்திருந்த எவரையும் எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, தெரிந்ததுபோல் கதை எழுதியது என் பிழை. ஆனால் உன் அம்மம்மாவின் கதையில் ஓர் உண்மை இருந்தது. ஓரிடத்தில் நிலத்துக்குள் போடுவது இன்னோரிடத்தில் வெளியே வரும். காய் வருமோ வராதோ, நாங்கள் போட்ட மற்றவையெல்லாம் வந்துகொண்டிருக்கின்றன.